மெந்தோஸாவின் சுவர்

அரசியல் சினிமா என்று சொன்னதுமே நம் நண்பர்களுக்கு முஷ்டிகள் தேவைப்படுகின்றன. உயர்த்திய முஷ்டி, பின்னால் வானம், கீழிருந்து எடுத்த முகம், எங்கோ ஒரு கொடி. இவை இருந்துவிட்டால் படத்தின் மற்றக் கோளாறுகள் மன்னிக்கப்பட்டுவிடும். இல்லாவிட்டால் அது குடும்பக் கதை, அல்லது 'நடுத்தர வர்க்கத்தின் தயக்கம்'. இந்தப் படிக்கல்லை வைத்து நிறுத்ததில் ஒரு நல்ல படம் எடை குறைந்து போயிருக்கிறது. 1933-ல் எடுக்கப்பட்டு அடுத்த வருஷம் மெக்ஸிகோவில் வெளியான 'எல் கொம்பாத்ரே மெந்தோஸா'வைச் சொல்கிறேன். இயக்கியவர் ஃபெர்னாந்தோ தெ ஃபுவெந்தெஸ். மௌரிஸியோ மக்தலேனோ எழுதிய கதை. திரைக்கதையில் தெ ஃபுவெந்தெஸோடு ஹுவான் புஸ்தியோ ஓரோவுக்கும் பங்கு உண்டு.

இதைப் பற்றி நம் வட்டத்தில் என் காதில் விழுந்த அபிப்பிராயங்கள் மூன்று. ஒன்று: இது நண்பனுக்குத் துரோகம் செய்தவனின் கதை, சரித்திரம் பின்னால் தொங்கும் திரைச்சீலை. இரண்டு: எல்லாக் கட்சியும் ஒன்றுதான் என்று கைகழுவும் படம். மூன்று: ஐஸன்ஸ்டைன் மெக்ஸிகோவில் வந்து படம்பிடித்துவிட்டுப் போன பிறகும் மேடை நாடகம்போல் எடுத்திருக்கிறார்கள். மூன்றும் தவறு என்பது என் கட்சி. அதிலும் இரண்டாவது அபிப்பிராயம் யாருடைய வாயிலிருந்து வரவேண்டியது என்று யோசித்தால் எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருக்கிறது.

முதலில் சரித்திரம். ஏனென்றால் படம் அதை உட்காரவைத்துப் பாடம் சொல்லித் தருவதில்லை. போர்ஃபிரியோ தியாஸ் 1876-ல் அதிகாரத்தைப் பிடித்தவர். நடுவில் நான்கு வருஷம் நீங்கலாக 1911 வரை அவரே ஜனாதிபதி. 1910-ல் மதேரோ அவருக்கு எதிராகக் கிளம்பினார், மறுவருஷம் அந்த இடத்துக்கு வந்தார். 1913 பிப்ரவரியில் ஜெனரல் ஹுவெர்தா அவரைக் கவிழ்த்தார். மதேரோ சுட்டுக் கொல்லப்பட்டார். தெற்கே மோரெலோஸில் எமிலியானோ ஸபாட்டா 1911-லேயே அயாலா திட்டத்தை அறிவித்து, பண்ணைகள் விழுங்கிய கிராம நிலங்களைத் திரும்பக் கேட்டுப் போராடிக்கொண்டிருந்தார். 1914 ஜூலையில் ஹுவெர்தா நாட்டை விட்டு ஓடினார். சண்டை அதோடு ஓயவில்லை. ஜெயித்தவர்கள் தங்களுக்குள் மோதிக்கொண்டார்கள். கர்ரான்ஸா ஒரு பக்கம், ஸபாட்டாவும் பாஞ்சோ வியாவும் இன்னொரு பக்கம். 1919 ஏப்ரல் 10-ஆம் தேதி கர்ரான்ஸாவின் ராணுவத்தைச் சேர்ந்த குவஹார்தோ என்ற கர்னல், கட்சி மாறப்போவதாக நாடகமாடி ஸபாட்டாவைச் சினாமெகா பண்ணைக்கு அழைத்து வாசலிலேயே சுட்டுக் கொன்றான். அடுத்த வருஷம் மே மாதம் கர்ரான்ஸாவும் கொல்லப்பட்டார். 1923-ல் வியா. 1928-ல் ஒப்ரெகோன்.

ஹுவெர்தா, ஸபாட்டா, கர்ரான்ஸா. இந்த மூன்று பெயர்களையும் படம் சிம்மாசனத்தில் உட்காரவைத்துக் காட்டவில்லை. சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிக் காட்டுகிறது.

ரொஸாலியோ மெந்தோஸா ஒரு பண்ணையார். அவன் வீட்டுக்கு விருந்தாளிகள் வந்துகொண்டே இருக்கிறார்கள், துப்பாக்கிகளோடு. ஹுவெர்தாவின் சிப்பாய்கள் வருகிறார்கள் என்று தெரிந்தால் சுவரில் ஹுவெர்தா ஏறுகிறார். ஸபாட்டாவின் ஆட்கள் வந்தால் அவர் இறங்கி ஸபாட்டா ஏறுகிறார். காலம் மாறியதும் கர்ரான்ஸாவின் முறை. மாட்டி எடுக்கிற வேலை காரியஸ்தன் அதெனோஹெனெஸுடையது. மேஜை அதேதான், குடி அதேதான், மெந்தோஸாவின் சிரிப்பும் அதேதான். நொடித்துப்போன ஒரு நிலச்சுவான்தாரின் மகள் தொலோரெஸை அவன் கல்யாணம் செய்துகொள்கிறான். கல்யாணத்தன்று அரசாங்க ராணுவ அதிகாரிகள் விருந்தில் இருக்கும்போது ஸபாட்டாவின் ஆட்கள் புகுந்துவிடுகிறார்கள். மாப்பிள்ளையையும் சேர்த்துச் சுவரோரம் நிறுத்திச் சுடவேண்டியதுதான் பாக்கி. ஃபெலிப்பெ நியெத்தோ என்ற ஸபாட்டா கட்சி ஜெனரல் அவனைக் காப்பாற்றுகிறான். நட்பு அங்கே ஆரம்பமாகிறது. பிறக்கும் பிள்ளைக்கு ஃபெலிப்பெ என்று பெயர் வைக்கிறார்கள். நியெத்தோ அதன் ஞானத்தகப்பன். பிள்ளையைப் பெற்றவனும் ஞானஸ்நானத்தில் அதற்குப் பொறுப்பேற்றவனும் ஒருவருக்கொருவர் கொம்பாத்ரே. அந்த ஊர் வழக்கில் அது கூடப்பிறந்ததற்குச் சமமான உறவு. தலைப்பில் இருக்கும் சொல் இதுதான்.

பிறகு ஒரு வருஷ விளைச்சல் ரயிலோடு எரிந்துபோகிறது. கர்ரான்ஸா கட்சிக் கர்னல் ஒருவன் ஒரு தொகை சொல்கிறான். நியெத்தோவை வரவழைத்துக் கொடுத்தால் போதும். மெந்தோஸா ஒத்துக்கொள்கிறான். குடும்பத்தோடு தலைநகருக்குக் கிளம்பும் இரவில் நியெத்தோவின் உடல் பண்ணையின் வாசலில் தொங்குகிறது.

இனி முதல் அபிப்பிராயத்துக்கு வருகிறேன். இது நட்பின் கதை, அரசியல் வெறும் பின்னணி என்கிறார்கள். இப்படிச் சொல்பவர்கள் அரசியல் என்பது மாளிகையிலும் போர்க்களத்திலும் நடப்பது, சாப்பாட்டு மேஜைக்கு அது வருவதில்லை என்று நம்புகிறவர்கள். மெந்தோஸாவுக்கு அந்த நம்பிக்கை கிடையாது. தன் சாப்பாட்டு மேஜைதான் அரசியலின் களம் என்பது அவனுக்கு முதல் காட்சியிலிருந்தே தெரியும். யார் ஜெயித்தாலும் அவனுடைய மேஜையில் சாப்பிட்டாகவேண்டும், அவனுடைய தானியத்தை வாங்கியாகவேண்டும். தேசத்தில் அதிகாரத்துக்காக மூன்று படைகள் அடித்துக்கொள்ளும்போது அந்த மூன்றும் கடந்துபோக வேண்டிய ஒரு வாசல் இருக்கிறது; அந்த வாசலின் சொந்தக்காரன் எந்தப் படையிலும் சேராதவன். போராட்டத்தை இந்த வாசலிலிருந்து பார்க்கலாம் என்று தோன்றியதுதான் படத்தின் பெரிய கண்டுபிடிப்பு. தளபதிகளைப் பின்தொடர்ந்து போயிருந்தால் தெ ஃபுவெந்தெஸுக்குக் குதிரைகளும் புழுதியும் கிடைத்திருக்கும். புரட்சி ஏன் அப்படி முடிந்தது என்பதற்குப் பதில் கிடைத்திருக்காது.

நான் வங்கியில் பேரேடு எழுதுகிறவன். ஒரு கணக்கு கெட்டுப்போகப் போகிறது என்பதை மனுஷனின் முகத்தைப் பார்த்துச் சொல்லமுடியாது. முகம் எப்போதும் ஒன்றுபோலத்தான் இருக்கும், சிரித்துக்கொண்டு வணக்கம் சொல்லும். வரவுப் பக்கத்தில் ஒரு வரி நின்றுபோயிருக்கும், அதைத்தான் பார்க்கவேண்டும். இந்தப் பழக்கத்தோடு பார்க்கிறவனுக்குப் படத்தின் அமைப்பு மிகவும் கறாரானது. சுவரில் மாறும் உருவப்படங்கள் மெந்தோஸா கட்டிவரும் தவணைகள். குடியும் சாப்பாடும்கூட அப்படித்தான். இந்தத் தவணைகள் கட்டுப்படியாகிற வரையில் அவன் நல்லவன். கவனிக்கவேண்டும், நல்லவனாக நடிக்கிறான் என்று நான் சொல்லவில்லை. நியெத்தோவிடம் அவன் காட்டும் பிரியம் பொய்யில்லை. சீலேயிலிருந்து வந்த நடிகர் அல்ஃப்ரெதோ தெல் தியெஸ்த்ரோ அந்தப் பருத்த உடம்போடும் திறந்த சிரிப்போடும் செய்திருப்பதைப் பார்த்தால் இவனைச் சந்தேகிக்கவே மனம் வராது. பிள்ளைக்கு வைத்த பெயர் பாசாங்கில்லை. விளைச்சல் எரிந்த பிறகு வரவுப் பக்கம் காலி. விற்கத் தக்கதாக அவனிடம் மிஞ்சிய ஒரே சரக்கு, நியெத்தோ அவன்மேல் வைத்திருக்கும் நம்பிக்கை. அதற்கு விலை வைத்துத் தர ஒரு கர்னல் வாசலில் தயாராக நிற்கிறான்.

சினிமாவில் நாம் பார்த்துப் பழகிய துரோகிக்கு ஒரு பழைய வன்மம் இருக்கும், பொறாமை இருக்கும். இந்தப் படத்தில் பொறாமைக்கு இடம் இருந்தும் அது பயன்படுத்தப்படவில்லை என்பதைக் கவனித்தவர்களை நான் பார்க்கவில்லை. தொலோரெஸுக்கும் நியெத்தோவுக்கும் இடையே ஒரு பிரியம் இருக்கிறது. இருவரும் அதைச் சொல்லிக்கொள்வதில்லை. படமும் மரியாதையோடு விலகி நிற்கிறது. ஒரு சாதாரண இயக்குநர் இதைப் பிடித்துக்கொண்டு, கணவனுக்குச் சந்தேகம் வந்தது, ஆகவே காட்டிக்கொடுத்தான் என்று முடித்திருப்பார். பார்ப்பவர்களுக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். தெ ஃபுவெந்தெஸ் அந்த நிம்மதியைத் தர மறுக்கிறார். நேசிக்கிறவனையும் விற்கலாம், விற்ற பிறகும் நேசிக்கலாம் என்பதைத்தான் அவர் காட்டுகிறார். இது தனிமனித உளவியல் என்றால், அந்தத் தனிமனிதனைப் போன்றவர்களை நம்பித்தானே ஒவ்வொரு அரசும் நிற்கிறது?

இரண்டாவது அபிப்பிராயம்: எல்லாக் கட்சியும் ஒன்றுதான் என்று படம் சொல்கிறதாம். மூன்று உருவப்படங்கள் ஒரே ஆணியில் மாறி மாறித் தொங்குவதைப் பார்த்துவிட்டு இந்த முடிவுக்கு வந்திருக்கிறார்கள். ஆணி யாருடையது என்று கேட்டிருக்கலாம். மூன்றும் ஒன்றுதான் என்பது மெந்தோஸாவின் சித்தாந்தம். அவன் பிழைப்பே அதில் இருக்கிறது. படம் அந்தச் சித்தாந்தத்தைக் காட்டுகிறது, பிறகு அதன் விலையைக் காட்டுகிறது. மூன்று பேரின் படமும் ஆணியில் ஏறி இறங்கியது உண்மை. வாசலில் தொங்குவது மூன்று கட்சியின் ஆளும் அல்ல, ஸபாட்டாவின் ஆள். விலை கொடுத்தவன் கர்ரான்ஸாவின் ஆள். இதில் எங்கே சமத்துவம் இருக்கிறது?

1934-ல் அந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்குச் சினாமெகா பதினைந்து வருஷத்துப் பழைய செய்தி. நம்பி வரச்சொல்லி ஒரு பண்ணையில் வைத்துக் கொன்றது யார் என்று அவர்களுக்கு விளக்கவேண்டியிருக்கவில்லை. அன்றைக்கு நாட்டை ஆண்டவர்களும் ஹுவெர்தாவின் வாரிசுகள் அல்ல. 1920-க்குப் பிறகு கர்ரான்ஸாவையே வீழ்த்தியவர்கள் என்றாலும், அவருடைய அணியிலிருந்து கிளைத்து வந்தவர்கள்தான். அவர்கள் 1929-ல் தேசியப் புரட்சிக் கட்சி என்று ஒன்றை உண்டாக்கிப் புரட்சிக்கே தாங்கள்தான் வாரிசு என்று பத்திரம் எழுதிக்கொண்டிருந்த நேரம். கெட்டவன் ஹுவெர்தா என்று படம் முடிந்திருந்தால் எல்லாருக்கும் சௌகரியமாக இருந்திருக்கும். படம் ஹுவெர்தாவைத் தாண்டிப் போகிறது. கொலையை ஏற்பாடு செய்வது பழைய ஆட்சி அல்ல, புரட்சி என்ற பெயரிலேயே வந்த புதிய ஆட்சி என்று, அந்த ஆட்சியின் வாரிசுகள் ஆண்டுகொண்டிருக்கும்போதே சொல்கிறது. இதைக் கைகழுவல் என்று சொல்வதற்கு ஒரு தனி அலட்சியம் வேண்டும்.

அதிகாரத்தின்மேல் உண்மையிலேயே அவநம்பிக்கை கொண்ட படம் வேண்டுமானால் எலியா கஸான் 1952-ல் எடுத்த 'விவா ஸபாட்டா!' இருக்கிறது. அதில் அதிகாரம் என்பது ஒரு தொற்று வியாதி. நாற்காலியில் உட்கார்ந்த ஸபாட்டா தியாஸைப் போலவே நடந்துகொள்ளத் தொடங்கி, சட்டென்று உணர்ந்து எழுந்துபோய்விடுகிறான். ஸ்டைன்பெக்கின் எழுத்து, பிராண்டோவின் முகம், எல்லாம் அழகு. ஆனால் அங்கே நிலம் என்ன ஆயிற்று, தானியத்தை யார் விற்றார்கள் என்ற கேள்விகள் ஒரு நல்ல மனுஷனின் மனசாட்சிக்குள் கரைந்துவிடுகின்றன. அந்தப் படத்தைப் புரட்சிப் படம் என்று கொண்டாடியவர்களே 'மெந்தோஸா'வை நம்பிக்கையற்ற படம் என்கிறார்கள். முஷ்டிகள் எந்தப் படத்தில் இருக்கின்றன என்று பார்த்தால் காரணம் விளங்கிவிடும்.

மூன்றாவது, மேடை நாடகம். ஐஸன்ஸ்டைன் 1930 டிசம்பரில் மெக்ஸிகோவுக்குப் போனார். அப்டன் சின்க்ளேரின் பணத்தில் ஒரு வருஷத்துக்கும் மேலாகப் படம்பிடித்தார். தெத்லாபயாக் பண்ணையில் எடுத்த காட்சியில் கூலியாட்களைக் கழுத்துவரை மண்ணில் புதைத்துக் குதிரைகளை விட்டு மிதிக்கிறார்கள். மறக்கமுடியாத காட்சிதான். படம் அவர் கையால் முடிக்கப்படவில்லை. புரட்சியைப் பற்றி அவர் திட்டமிட்டிருந்த 'ஸொல்தாதெரா' அத்தியாயம் படமாக்கப்படவேயில்லை. அவர் விட்டுச்சென்றது தியாஸ் காலத்துப் பண்ணை. அங்கே கொடுமைக்காரன் கொடுமைக்காரனாகவே இருக்கிறான், அவன் முகமே அவனைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. சிரித்து உபசரிக்கிற பண்ணையாரை என்ன செய்வது என்ற கேள்வி அந்தச் சட்டகத்துக்குள் வரவில்லை. எடுக்காமல் போன அத்தியாயத்தை வைத்து எடுத்த படத்தைக் குறைசொல்வது நம் விமர்சனத்தில் மட்டுமே நடக்கும்.

தெ ஃபுவெந்தெஸின் காமிரா மெதுவானது என்பது வாஸ்தவம். அறைக்குள் நிற்கும், ஆட்கள் பேசுவதைக் கேட்கும். ஆனால் காலத்தையும் பார்க்கவேண்டும். மெக்ஸிகோவில் ஒலிப்படம் கால் ஊன்றியது 1932-ல் வெளியான 'ஸாந்தா'வோடுதான். அடுத்த வருஷமே 'மெந்தோஸா' எடுக்கிறார்கள். படம் பேசுகிறது என்பதே கொட்டகையில் அதிசயமாக இருந்த நேரம். அந்த நேரத்தில் இவர்கள் படத்தின் சாட்சியாக யாரை நிறுத்தினார்கள்? எம்மா ரோல்தான் நடித்த வேலைக்காரி ஒருத்தி. செவிடு, ஊமை. உதடுகள் அசைவதைப் பார்த்தே வீட்டில் நடப்பதைத் தெரிந்துகொள்கிறவள். எல்லாரும் பேசுகிற படத்தில், விஷயம் தெரிந்த ஒருத்தியால் சொல்லமுடியவில்லை. பேசக்கூடியவர்கள் எல்லாரும் விலை பேசிக்கொண்டிருக்கிறார்கள். இந்தப் படம் ஒலியைப் பற்றி யோசிக்கவில்லை என்று சொல்கிறவர்களுக்கு அந்தப் பெண்ணின் முகத்தைத் திரும்பப் பார்க்கும்படிதான் சொல்லவேண்டும். மெந்தோஸாவின் பார்வையும் படத்தின் பார்வையும் பிரியும் இடம் அந்த முகம். 'எல்லாம் ஒன்றுதான்' என்பவன் அவன். அப்படியில்லை என்று தெரிந்தவள் அவள்.

படத்தின் குறை வேறு இடத்தில் இருக்கிறது. நண்பர்கள் அதைத் தொடவில்லை. நியெத்தோ எதற்காகச் சண்டைபோடுகிறான் என்பது படத்தில் போதிய அளவு பேசப்படவில்லை. அயாலா திட்டம் நிலத்தைப் பற்றியது, தண்ணீரையும் காட்டையும் பற்றியது. மெந்தோஸாவின் பண்ணை அந்தத் திட்டத்தின்படி யாருடைய நிலம்? நியெத்தோ உட்கார்ந்து சாப்பிடும் மேஜை எந்தக் கிராமத்தின் மண்ணில் போடப்பட்டிருக்கிறது? இந்தக் கேள்வியை நண்பர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வதில்லை. கேட்டிருந்தால் அந்த நட்பு ஏற்பட்டே இருக்காது. நியெத்தோவின் கண்ணியம் அவனைக் கொன்றது என்று சொல்லலாம். படம் அதைத் தெரிந்து சொல்கிறதா, தெரியாமல் சொல்கிறதா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. பண்ணையில் உழைக்கிறவர்கள் அங்கே கூட்டமாகவே இருந்துவிடுகிறார்கள். இது சின்னக் குறையில்லை. ஆனால் இந்தக் குறையைச் சொல்வதற்குப் படத்தை அதன் சொந்த இடத்தில் வைத்துப் பார்க்கவேண்டியிருக்கிறது. 'குடும்பக் கதை' என்று தள்ளிவிட்டவர்களுக்கு இந்தக் கேள்வி எழவே எழாது.

தெ ஃபுவெந்தெஸை வீரராக்கும் உத்தேசமும் எனக்கில்லை. புரட்சிக் காலத்தைப் பற்றி அவர் எடுத்த மூன்று படங்களில் 'மெந்தோஸா' நடுவில் வருவது. 1933-ல் வந்த 'கைதி எண் பதின்மூன்று' படத்தில் லஞ்சம் வாங்கிக்கொண்டு கைதியை மாற்றிவைக்கும் கர்னல் தன் சொந்த மகனையே துப்பாக்கிகளின் முன் நிறுத்திவிடுகிறான். அதிகாரத் தரப்பின் நெருக்கடியில் அது கடைசியில் வெறும் கனவாகிப்போயிற்று. 'பாஞ்சோ வியாவோடு போவோம்' கார்தெனாஸ் அரசின் உதவியோடு எடுக்கப்பட்டு 1936 டிசம்பர் 31-ல் வெளியானது. வியா தன் பழைய சிப்பாயைத் திரும்ப அழைத்துப்போக அவன் மனைவியையும் மகளையும் சுட்டுக் கொல்கிற முடிவு வெளியான பிரதியில் இல்லை. பல வருஷங்கள் கழித்துத்தான் அது பார்க்கக் கிடைத்தது. இதே மனிதர் அதே 1936 அக்டோபரில் 'அயா என் எல் ராஞ்சோ கிராந்தே' என்ற படத்தை வெளியிட்டார். பாட்டு, சேவல் சண்டை, நல்ல பண்ணையார், விசுவாசமான மேஸ்திரி. இருவரும் சின்ன வயசு நண்பர்கள். ஒரு பெண்ணை முன்னிட்டு மனஸ்தாபம் வந்து சமாதானமாகிவிடுகிறது. கண்டம் முழுவதும் ஓடிற்று. ஒளிப்பதிவுக்கு வெனிஸில் பரிசு கிடைத்தது. அதே அக்டோபரில்தான் கார்தெனாஸ் லா லகூனாவின் பருத்தி நிலங்களைப் பண்ணையார்களிடமிருந்து எடுத்து விவசாயிகளுக்குக் கொடுக்க உத்தரவிட்டார். வெளியே பண்ணை கலைகிறது. கொட்டகைக்குள் பண்ணை சொர்க்கமாகிறது. அந்தப் பண்ணையாரின் பெயரும் ஃபெலிப்பெ. மெந்தோஸாவின் பிள்ளை வளர்ந்து ஆளாகிவிட்டான் என்று எனக்குத் தோன்றியது. இதைத் திட்டமிட்ட பொருத்தம் என்று நான் வாதாட வரவில்லை. ஆணியில் படம் மாறிவிட்டது, அவ்வளவுதான். இந்தத் தடவை மாட்டியவர், மாட்டுவதன் அர்த்தம் என்னவென்று எல்லாரையும்விட நன்றாகத் தெரிந்தவர்.

அரசாங்கமும் மெந்தோஸாவிடம் பாடம் கற்றுக்கொண்டது. ஒன்றை இறக்கி ஒன்றை ஏற்றும் சிரமம் எதற்கு, எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் மாட்டிவிட்டால் போயிற்று. மெக்ஸிகோ நகரத்தில் 1938-ல் கட்டி முடித்த புரட்சி நினைவுச் சின்னத்தின் தூண்களுக்குள் 1942-ல் கர்ரான்ஸாவின் எலும்புகளை வைத்தார்கள். பிறகு மதேரோ, காயெஸ், கார்தெனாஸ். 1976-ல் வியாவையும் கொண்டுவந்தார்கள். உயிரோடிருந்தபோது ஒருவரையொருவர் ஒழிக்கப் படை நடத்தியவர்கள் இப்போது ஒரே கூரையின் கீழே. 1979-ல் ஸபாட்டாவையும் கொண்டுவரும் ஏற்பாடு நடந்தபோது மோரெலோஸ்காரர்கள் மறித்தார்கள். கொல்லச் சொன்னவன் பக்கத்தில் கொல்லப்பட்டவனைப் படுக்கவைப்பதா என்றார்கள். அவர் இன்னமும் குவாவுத்லாவில்தான் இருக்கிறார். படத்துக்கு நான் எழுத விரும்புகிற விமர்சனம் அந்தக் கிராமத்துக்காரர்கள் சொன்னதற்குமேல் ஒன்றுமில்லை. 1929-ல் தொடங்கிய கட்சி இரண்டு தடவை பெயரை மாற்றிக்கொண்டு 2000 வரை ஜனாதிபதிப் பதவியை விடவில்லை. 1994-ல் 'ஸோமோஸ்' பத்திரிகை மெக்ஸிகோவின் சிறந்த நூறு படங்களைத் தேர்ந்தெடுத்தபோது வியா படத்துக்கு முதலிடம், 'மெந்தோஸா'வுக்கு மூன்றாமிடம். படத்தையும் சட்டம் போட்டு மாட்டியாகிவிட்டது. மாட்டிய படத்தை யாரும் பார்ப்பதில்லை என்பது மெந்தோஸாவின் விருந்தாளிகள் விஷயத்திலும் உண்மை. உள்ளே நுழைந்ததும் தங்கள் தலைவர் சுவரில் இருக்கிறாரா என்று ஒரு பார்வை. பிறகு சாப்பாடு.

இவ்வளவு தூரத்து விஷயத்துக்கு ஏன் இத்தனை கோபம் என்று கேட்பீர்கள். எனக்கு முந்திய தலைமுறையின் கட்டுரைகளைத் தேதிவாரியாக எடுத்துவைத்துப் படித்திருக்கிறேன். சார்த்தர் இறங்கி லூகாக்ஸ் ஏறுகிறார். லூகாக்ஸ் இறங்கி அல்தூஸர். பிறகு ஃபூக்கோ, தெரிதா. இவர்களைப் படித்தது குற்றமில்லை. படித்தவர்கள் கொஞ்சம் பேர் இருந்தார்கள், அவர்கள் எழுத்தில் அது தெரியும். மற்றவர்கள் வாசலில் குளம்புச் சத்தம் கேட்டதும் ஆணியைத் தேடி ஓடினார்கள். ஆணி மாறியதால் இழந்தது என்ன என்று யாரும் கணக்கெழுதி வைக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் பழைய படத்தோடு ஒரு சிநேகிதனையும் சேர்த்து இறக்கியிருக்கிறோம். 'எல்லாம் ஒன்றுதான்' என்ற வாக்கியம் நமக்கு அவ்வளவு சுலபமாக வாயில் வருவதற்கும், அதை ஒரு படத்தின்மேல் ஏற்றிச் சொல்லிவிட்டுப் பொறுப்பில்லாமல் போவதற்கும் இந்தப் பழக்கம்தான் காரணம்.

மெந்தோஸா கெட்டவன் என்று தீர்ப்புச் சொல்வதில் எனக்கு அக்கறையில்லை. அது சுலபம். அவன் வீட்டில் சாப்பிட்டுவிட்டுச் சுவரை மட்டும் பார்த்துவிட்டு வந்தவர்களோடுதான் என் சண்டை. நியெத்தோவின் படம் எந்த ஆணியிலும் ஏறவில்லை. அவனுக்குக் கிடைத்தது வாசல். உள்ளே போகிறவர்களும் வெளியே வருகிறவர்களும் அவனுக்குக் கீழேதான் கடந்தாகவேண்டும். ஒரு தடவையாவது தலையை நிமிர்த்திப் பார்த்தவர் எழுதட்டும், படம் எந்தக் கட்சியைச் சேர்ந்தது என்று.